பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும்? இராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ முடிவு வந்த அன்று ஊரில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: “அறுநூறுக்கு எவ்வளவு?” கல்லூரிச் சேர்க்கையில் அந்த எண்ணுக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. பொறியியலுக்கு ஒரு கணக்கு, கால்நடை மருத்துவத்துக்கு ஒரு கணக்கு, கலைக் கல்லூரிக்கு இன்னொரு கணக்கு. ஒரே மதிப்பெண் பட்டியல் ஓரிடத்தில் முன்வரிசையிலும் இன்னோரிடத்தில் கடைசி வரிசையிலும் நிற்கும். அதற்கு மேல் சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஓ.டி.பி., மீன்பிடித் தடைக்காலத்துப் பணமுடை என்று நம் பக்கத்துக்கே உரிய தொல்லைகள் வேறு.

பாம்பனில் இருந்துகொண்டு என் தங்கச்சிக்கு இடம் வாங்க அலைந்தபோது ஒவ்வொன்றையும் ஒவ்வோர் ஆளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மண்டபம், ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று எந்த ஊராக இருந்தாலும் உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. மதிப்பெண்ணைப் பல விதமாகக் கூட்டிப் பாருங்கள்

ஒரு மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொள்வோம். தமிழ் 92, ஆங்கிலம் 71, கணிதம் 78, இயற்பியல் 64, வேதியியல் 70, உயிரியல் 88. மொத்தம் 463. இப்போது இதை ஒவ்வொரு வாசலிலும் எப்படி எண்ணுகிறார்கள் என்று பாருங்கள்.

பொறியியல்: கணிதம் முழுசாக நூற்றுக்கு, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, ஆக 200. இந்தப் பிள்ளைக்கு 78 + 32 + 35 = 145. இதுதான் எல்லாரும் சொல்லும் ‘கட்-ஆஃப்’. தமிழில் வாங்கிய 92க்கும் உயிரியலில் வாங்கிய 88க்கும் இங்கே மதிப்பு இல்லை.

கால்நடை மருத்துவம்: உயிரியல் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. 88 + 32 + 35 = 155. இங்கே கணிதம் வெளியே போய்விட்டது.

அரசு கலை அறிவியல் கல்லூரி: மொழிப்பாடம் இரண்டையும் ஒதுக்கிவிட்டு மீதி நான்கு பாடங்களையும் கூட்டி 400க்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். இவருக்கு 300. பி.ஏ. தமிழ் கேட்டால் தமிழ் மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தனித் தரவரிசை, ஆங்கில இலக்கியம் கேட்டால் ஆங்கில மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தனித் தரவரிசை. ஆக இதே பிள்ளை தமிழ்த்துறை வாசலில் 92உடன் நிற்கிறார், ஆங்கிலத்துறை வாசலில் 71உடன் நிற்கிறார்.

இன்னொரு பிள்ளை: தமிழ் 96, ஆங்கிலம் 90, கணிதம் 65, இயற்பியல் 68, வேதியியல் 72, உயிரியல் 89. மொத்தம் 480. தெருவில் இவருக்குத்தான் பாராட்டு அதிகம். பொறியியல் கட்-ஆஃப் போட்டால் 65 + 34 + 36 = 135. முதல் பிள்ளையைவிடப் பத்து குறைவு. பொறியியல் தரவரிசையில் பத்து என்றால் எத்தனையோ ஆயிரம் பேர் பின்னால்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண், இயற்பியலில் கூடும் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம். தேர்வுக்கு இன்னும் மாதம் இருக்கும் பிள்ளைகள் இதை இப்போதே மனதில் போட்டு வையுங்கள். பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் இந்தக் கணக்கு எதிலும் சேராது.

கப்பல் படிப்பு தனி. நம் பக்கத்தில் ஆசைப்படுகிறவர்கள் நிறைய, ஏமாறுகிறவர்களும் நிறைய. நாட்டிகல் சயின்ஸ் (கப்பல் ஓட்டும் படிப்பு), மரைன் இன்ஜினியரிங் (கப்பல் எந்திரப் படிப்பு) இரண்டுக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் சராசரி 60 சதவீதம் வேண்டும். அதோடு பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ ஆங்கிலத்தில் 50 சதவீதம் வேண்டும். ஆங்கில மதிப்பெண் ஆளைத் தடுக்கும் இடம் இது. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத்தேர்வும், கண்பார்வைச் சோதனையும் உண்டு. நிறக்குருடு இருந்தால் நாட்டிகல் சயின்ஸ் கிடையாது. ஆகவே எவரிடமும் முன்பணம் கட்டும் முன்னால் கண் டாக்டரைப் பாருங்கள்.

எம்.பி.பி.எஸ்ஸுக்கு நீட் மதிப்பெண்தான் வரிசை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்துப் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம் முதலியவற்றுக்குத் தமிழ்நாட்டில் நீட் கேட்பதில்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான். நீட்டில் இடம் கிடைக்கவில்லை என்று வீட்டோடு உட்கார்ந்துவிடும் பெண்பிள்ளைகள் இதற்கு விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

2. தகுதி வேறு, இடம் வேறு

பிளஸ் டூ தேர்ச்சிக்குப் பாடத்துக்கு 35. செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வில் 70க்கு 15 தனியாக வாங்கியிருக்க வேண்டும். கலைக் கல்லூரிக்குப் பொதுவாக இந்தத் தேர்ச்சியே தகுதி. பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் சராசரி பொதுப்பிரிவுக்கு 45, பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் பிரிவினருக்கு 40 சதவீதம்.

இது வாசலைத் தாண்டுவதற்கு. உள்ளே நாற்காலி கிடைப்பது தரவரிசையையும் உங்கள் சமூகப் பிரிவையும் பொறுத்தது. பொறியியல் கலந்தாய்வு இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்தச் சமூகத்துக்கு எந்தக் கட்-ஆஃப் வரை இடம் போனது என்று கிடைக்கும். புல்லங்குடியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியை முதலில் பாருங்கள். நம் மாவட்டத்துக்குள்ளேயே குறைந்த கட்டணத்தில் படிக்க அது ஒரு நல்ல வழி. கீழக்கரை, இராமநாதபுரம் பகுதித் தனியார் கல்லூரிகளையும் அதே பட்டியலில் பாருங்கள்.

இரண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப் வந்தால் கணித மதிப்பெண் கூடுதலாக இருப்பவர் முன்னால். அதுவும் சமம் என்றால் இயற்பியல், பிறகு நான்காவது பாடம், பிளஸ் டூ மொத்தம், பத்தாம் வகுப்பு என்று போகும். எல்லாமே சமம் என்றால் வயதில் மூத்தவர், கடைசியில் ரேண்டம் எண்.

ஜே.இ.இ. எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர நல்ல ரேங்க் மட்டும் போதாது. பிளஸ் டூவில் 75 சதவீதம் (பட்டியல் பிரிவினருக்கு 65), அல்லது தான் எழுதிய தேர்வு வாரியத்தில் முதல் 20 பெர்சன்டைலுக்குள் இருக்க வேண்டும். பொதுத்தேர்வை ‘சும்மா பாஸ் ஆனால் போதும்’ என்று விட்டுவிடாதீர்கள்.

3. குழு எடுக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது

இது பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கு. கணினி அறிவியல்–கணிதம் குழுவில் போனால் மருத்துவம், கால்நடை, நர்சிங் எல்லாம் மூடிவிடும். கணிதம் இல்லாத அறிவியல் குழுவில் போனால் பொறியியல் மூடிவிடும். கணிதம்–உயிரியல் குழு இரண்டு பக்கமும் திறந்து வைக்கும், ஆனால் பாரம் அதிகம். வணிகக் கணிதத்தைக் கணிதம் என்று எண்ணிப் பொறியியலுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு, அது செல்லாது. கடலோரத்துச் சின்னப் பள்ளிகளில் ஒன்றிரண்டு குழுக்கள்தான் இருக்கும். பக்கத்துப் பள்ளி என்பதற்காகக் கிடைத்த குழுவில் சேர்க்காமல், இரண்டு பஸ் மாறிப் போனாலும் வேண்டிய குழு இருக்கும் பள்ளியில் சேருங்கள்.

4. காகிதங்களை முடிவு வருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள்

மார்ச் மாதம் பொதுத்தேர்வு முடிந்த கையோடு இந்த வேலையில் இறங்குங்கள். மே மாதம் முடிவு வந்த பிறகு இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது. சர்வர் படுத்துவிடும், வி.ஏ.ஓ.வும் வேறு வேலையில் இருப்பார்.

வேண்டியவை: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ் (டி.சி.), சாதிச் சான்று, ஆதார், புகைப்படம். தேவைப்படுபவர்களுக்கு முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று. எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கைக்கு இருப்பிடச் சான்று தேவையில்லை. ஆனாலும் இ-சேவை மையத்தில் கேட்டால் ‘எதுக்கும் எடுத்து வச்சுக்குங்க’ என்பார்கள். சான்றுக்கு 60 ரூபாய் கட்டணம், அதற்கு மேல் நகல், ஸ்கேன் என்று போகும். வேண்டாததை எடுக்காதீர்கள்.

சாதிச் சான்று: அட்டையில் கையால் எழுதிய பழைய சான்று வைத்திருந்தால் டிஜிட்டல் கையொப்பம் உள்ள புதிய சான்றாக மாற்றிக்கொள்ளுங்கள். அப்பாவின் சாதிச் சான்றோ பள்ளி மாற்றுச் சான்றிதழோ கொண்டு போனால் வேலை சீக்கிரம் நடக்கும். சான்றில் உள்ள உட்பிரிவின் பெயரும் பிள்ளையின் டி.சி.யில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு எழுத்து விடாமல் பாருங்கள். முஸ்லிம் வீடுகளில் டி.சி.யில் ‘இஸ்லாம்’ என்று மட்டும் போட்டுவிட்டு உட்பிரிவை விட்டிருப்பார்கள். லெப்பை, மரைக்காயர், ராவுத்தர் எல்லாம் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலில் வருகிறவை, அந்த 3.5 சதவீத ஒதுக்கீடு சான்றில் அது தெளிவாக இருந்தால்தான்.

பெயர்: இதில்தான் அதிகம் அடிபடுவோம். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று, ஆதாரில் இரண்டும் சேர்ந்து ஒன்று. ‘முகமது’வும் ‘முகம்மது’வும் ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்துக் கூட்டலோடு இருக்கும். இனிஷியல் முன்னால் ஓரிடத்தில், பின்னால் ஓரிடத்தில். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் என்ன இருக்கிறதோ அதையே அளவுகோலாக வைத்து, ஆதாரை அதற்கேற்ப மாற்றுங்கள். அதைத் திருத்துவது மதிப்பெண் பட்டியலைத் திருத்துவதைவிட எவ்வளவோ சுலபம்.

முதல் பட்டதாரிச் சான்று: வீட்டில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. இந்தச் சான்றால் வரும் கட்டணச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அண்ணன் ஏற்கெனவே இதை வைத்துப் படித்திருந்தால் தங்கச்சிக்குக் கிடையாது. வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) விசாரித்து, வட்டாட்சியர் அலுவலகம் வரை போக வேண்டிய சான்று என்பதால் நாள் பிடிக்கும். ரேஷன் கார்டு, வீட்டில் உள்ளவர்களின் டி.சி. எல்லாவற்றையும் ஒரே கவரில் வைத்துக்கொள்ளுங்கள். படிக்கவே போகாத பாட்டிக்கு டி.சி. எங்கே என்று கேட்டால் கோபப்படாமல், பள்ளிக்குப் போகவில்லை என்று உறுதிமொழி எழுதிக் கொடுங்கள்.

வருமானச் சான்று ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும். கடல் தொழிலுக்குச் சம்பளச் சீட்டு ஏது? வி.ஏ.ஓ. விசாரித்துத்தான் போடுவார். அப்பா சவூதியிலோ துபாயிலோ மலேசியாவிலோ இருந்தால் அந்த வருமானத்தையும் கேட்பார்கள், பதிலோடு போங்கள்.

மத்திய அரசுக் கல்லூரிகளுக்கு நம் பி.சி., எம்.பி.சி. சான்று போதாது. கிரீமிலேயரில் (வசதி படைத்த பிரிவில்) இல்லை என்று சொல்லும் ஓ.பி.சி. சான்று, அந்த நிதியாண்டில் வாங்கியதாக, தனியாக வேண்டும். நீட், ஜே.இ.இ., கியூட் (மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு) எழுதுகிற பி.சி., எம்.பி.சி. பிள்ளைகள் எல்லாரும் ஏப்ரல் 1க்குப் பிறகு இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

5. அரசுப் பள்ளியில் படித்தவர்கள் இதைத் தவறவிடாதீர்கள்

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீதத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020 முதல். பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021 முதல். இதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். 145 கட்-ஆஃப் பொதுவரிசையில் எங்கேயோ இருக்கும். இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் நல்ல கல்லூரியே கிடைக்கலாம்.

நம் கடற்கரையில் ஒரு சிக்கல். சபை நடத்தும் பள்ளிகளும் ஜமாத் நடத்தும் பள்ளிகளும் பல ஊர்களில் அரசு உதவிபெறும் பள்ளிகள். ஃபீஸ் கிடையாது, புத்தகம் இலவசம், சீருடை இலவசம். அதனால் வீட்டில் அதை ‘கவர்மெண்ட் பள்ளிக்கூடம்’ என்றுதான் சொல்வோம். ஒதுக்கீட்டுக்கு அது அரசுப் பள்ளி இல்லை. எட்டு வரை உதவிபெறும் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதில் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாறியவர்களுக்கு 7.5 கிடைக்காது. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இப்போதே யோசியுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

டி.சி.யில் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை மாணவருக்குக் கொடுக்கும் எண்) இருக்கிறதா பாருங்கள். விண்ணப்பத்தில் அதைக் கேட்பார்கள்.

6. யாருடைய செல்போன் எண்?

சின்ன விஷயம்தான். ஆனால் என் அலைச்சலில் பாதி இதனால்தான்.

இ-சேவைக்கு, கலந்தாய்வுக்கு, உதவித்தொகைக்கு எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. வரும். பழக்கத்தில் அப்பா எண்ணைக் கொடுத்துவிடுவோம். அப்பா கடலுக்குப் போயிருப்பார், டவர் கிடைக்காது. நாம் மையத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து, “வாப்பாவோ அப்பாவோ, கொஞ்சம் போன் போட்டுக் கேளும்மா” என்று மையத்துக்காரர் சொல்ல, ஓ.டி.பி. காலாவதியாகி, பின்னால் நிற்கும் வரிசை முணுமுணுக்க ஆரம்பிக்கும். வெளிநாட்டில் இருப்பவர் எண் என்றால் கேட்கவே வேண்டாம். ஆதாரில் கரையில் இருக்கும் ஒருவரின் எண்ணை, அம்மாவுடையதோ பிள்ளையுடையதோ, முதலில் சேர்த்துவிடுங்கள். கலந்தாய்வு முடியும் வரை அந்த சிம்முக்கு ரீசார்ஜ் விட்டுப்போகக் கூடாது.

இமெயில் முகவரியையும் நீங்களே உருவாக்குங்கள். பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்துக்குத் தன் இமெயிலைப் போட்டுக் கொடுத்தால் கடவுச்சொல் அவர் கையில். விருப்பப் பட்டியலையே மாற்றலாம்.

7. தேதி, செலவு, தடைக்காலம்

2025இல் எப்படி நடந்தது என்று பார்த்தால் அடுத்து வருவது ஓரளவு பிடிபடும். பொறியியல் விண்ணப்பம் மே 7 தொடங்கி ஜூன் 6 வரை. பிளஸ் டூ முடிவு மே 8. அரசு கலைக் கல்லூரி விண்ணப்பம் மே 27உடன் முடிந்தது. பொறியியல் தரவரிசை ஜூன் 27, பொதுக் கலந்தாய்வு ஜூலை 14 முதல்.

அரசு கலைக் கல்லூரிக்குக் கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு, கவனியுங்கள். பொறியியல் கிடைக்கும் என்று நம்பி இருப்பவர்களும் இதற்கு ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். கட்டணம் 50 ரூபாய் அளவுதான். இராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரி, இராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் பெயரில் உள்ள அரசுக் கல்லூரி, திருவாடானை, கடலாடி, முதுகுளத்தூர், பரமக்குடி என்று நம் பக்கத்திலேயே இருக்கின்றன. பொறியியல் பதிவுக்கு 500 ரூபாய், பட்டியல் பிரிவினருக்கு 250.

விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். முடிவு, விண்ணப்பம், கலைக் கல்லூரிக் கலந்தாய்வு எல்லாம் சரியாக அந்த நாட்களுக்குள் விழும். நிவாரணம் 8,000 ரூபாய் வந்தாலும் வீட்டுக்கே போதாது. கலைக் கல்லூரி என்றால் சேரும்போது சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும்; அதை மட்டும் மார்ச்சிலேயே எடுத்து வையுங்கள். பொறியியல் கட்டணம் ஜூலை, ஆகஸ்டில்தான், அதற்குள் படகு கடலுக்கு இறங்கிவிடும். இதற்காக மே மாதம் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி மீனை அடிமாட்டு விலைக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

தனியார் பொறியியல் கல்லூரியில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கட்டணக் குழு வைத்த வரம்பு ஆண்டுக்கு 50,000, தேசிய அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000 என்ற அளவில் இருந்துவருகிறது. முதல் பட்டதாரிக்கு அதில் 25,000 கழியும். பஸ், விடுதி, சாப்பாடு வேறு. வங்கியில் 4 லட்சம் வரை பிணை இல்லாமல் கல்விக்கடன் கேட்கலாம். வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்துவிட்டுக் கிளைக்குப் போங்கள். வெறும் வாயால் கேட்டால் “அப்புறம் வாங்க” என்பதே பதிலாக இருக்கும்.

8. ஊருக்கு வரும் ஏஜெண்டுகள்

முடிவு வந்த மறுநாளே வந்துவிடுவார்கள். சட்டையை இன் பண்ணிக்கொண்டு, கையில் வழவழப்பான புத்தகத்தோடு. “ஸ்காலர்ஷிப் சீட்மா, இன்னிக்கு ஐயாயிரம் கட்டினா உறுதி” என்பார்கள். கோயம்புத்தூர், சென்னை, பெங்களூரு என்று கல்லூரிப் பெயர் அடுக்குவார்கள். அசல் சான்றிதழ்களையும் அன்றைக்கே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இதுதான் ஆபத்து.

அப்படிச் சேர்வது நிர்வாக ஒதுக்கீடு, அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாகக் கொடுக்கும் இடம். அதில் முதல் பட்டதாரிச் சலுகை இல்லை, 7.5 சதவீதச் சலுகை இல்லை. இரண்டும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வருபவர்களுக்குத்தான். அதே கல்லூரியில் அதே பாடம் கலந்தாய்வில் எடுத்தால் பாதி விலைக்குக் கிடைத்திருக்கும். மனம் மாறிக் கலந்தாய்வுக்குப் போகலாம் என்றால் டி.சி. அவர்களிடம் மாட்டிக்கொண்டிருக்கும். அசலைக் கையில் வைத்திருங்கள். யார் கேட்டாலும் நகல் மட்டும்.

9. விருப்பப் பட்டியல் போடும் நாள்

பொறியியல் கலந்தாய்வுக்குச் சென்னை போக வேண்டியதில்லை. எல்லாம் இணையத்தில்; தெரியாதவர்களுக்கு உதவி மையங்கள் உண்டு, காசு வாங்க மாட்டார்கள். பிள்ளை படித்த அரசுப் பள்ளியிலும் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் இருப்பார், அவரைப் பிடியுங்கள். 14417 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம் என்பதால் கஞ்சத்தனம் வேண்டாம். கிடைக்காது என்று நினைப்பதை மேலே போடுங்கள், கிடைக்கும் என்று நினைப்பதை நடுவே, கிடைத்தே தீரும் என்பதைக் கீழே. கீழே உள்ளதைப் போட்டதால் மேலே உள்ளது கெடாது. ஆனால் சேர மனமில்லாத கல்லூரியைப் பட்டியல் நீளத்துக்காகப் போடாதீர்கள், அதுவே வந்து விழும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் பதில் சொல்ல இரண்டு நாள்தான் இருக்கும். ஏற்றுக்கொண்டு சேர்கிறேன், ஏற்றுக்கொள்கிறேன் ஆனால் மேலே காலியானால் மாறுகிறேன் என்பது போன்ற தெரிவுகளில் ஒன்றை அழுத்த வேண்டும். ஒன்றும் அழுத்தாமல் விட்டால் இடம் போய்விடும். கிடைத்துவிட்டதே என்று ஊரெல்லாம் இனிப்புக் கொடுத்துவிட்டு இந்தப் பொத்தானை மறந்த வீடு எனக்குத் தெரிந்தே உண்டு.

மீன்வளப் படிப்புக்கு ஆசை இருந்தால் அது பொறியியல் கலந்தாய்வில் வராது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கே மீன்வளப் பட்டப்படிப்பான பி.எஃப்.எஸ்சி.யில் மீனவர் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு மீன்வளத் துறை அலுவலகத்தில் சான்று வாங்க வேண்டும். அப்பாவின் மீனவர் அட்டை, சங்க உறுப்பினர் விவரம் எல்லாம் நடப்பில் இருக்கிறதா என்று முன்கூட்டிப் பாருங்கள். தூத்துக்குடிக் கல்லூரி நமக்குப் பக்கம்.

10. எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை என்றால்

முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். பாடத்துக்கு 275 ரூபாய். அவசரப்பட்டு மறுகூட்டலுக்கு மட்டும் போட்டுவிட்டால் அந்தப் பாடத்துக்குப் பிறகு மறுமதிப்பீடு கேட்க முடியாது. இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். நகல் வந்ததும் பாட ஆசிரியரிடம் காட்டி, உண்மையிலேயே மதிப்பெண் கூடும் என்று அவர் சொன்னால் மறுமதிப்பீடு, பாடத்துக்கு 505 ரூபாய். மதிப்பெண் குறையவும் வாய்ப்புண்டு. பணமுடையான நேரத்தில் எல்லாப் பாடத்துக்கும் போடாதீர்கள். பொறியியல் என்றால் கணிதத்துக்குப் போடுவதுதான் லாபம்.

ஒன்றிரண்டு பாடத்தில் தவறியவர்களுக்கு ஜூன், ஜூலையில் துணைத்தேர்வு. அதில் தேறினால் அதே ஆண்டிலேயே பொறியியல் துணைக் கலந்தாய்வுக்குப் போகலாம். கலைக் கல்லூரிகளில் காலி இடங்களும் இருக்கும். பாலிடெக்னிக்கில் பிளஸ் டூ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்துவிட்டுப் பொறியியலிலும் இரண்டாம் ஆண்டில் நுழையலாம். கட்-ஆஃப் குறைந்தவர்கள் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு லட்சம் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

11. சேர்ந்த கையோடு

பிள்ளையின் சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு, அதில் ஆதார் இணைப்பு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் இந்தக் கணக்குக்குத்தான் வரும். உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இதில் உண்டு. 7.5 போனதே என்று இதையும் விட்டுவிடாதீர்கள். அம்மாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு, ஆதார் வேறு வங்கியில் இணைந்திருப்பது, இரண்டு வருஷமாகப் பணமே போடாமல் முடங்கிக் கிடக்கும் பள்ளிக்காலக் கணக்கு — பணம் வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இவைதான். கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகை பார்க்கும் எழுத்தரிடம் முதல் வாரத்திலேயே பாஸ்புக் நகலைக் கொடுத்து, பதிவு ஏறிவிட்டதா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.